இந்தச் சுறா அது இல்லை

பத்திரிகை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அறைதான் படப்பிரிவு. அங்கே பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவளின் நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டில் தேடினால்தான் கிடைக்கும். செய்தி ஆசிரியரில் ஆரம்பித்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் சுறாக்கா.

மந்திரி சிரிக்கிற படம், மந்திரி முறைக்கிற படம், இடிந்த பாலம், இடியப்போகிற பாலம் என்று யார் எதைக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. சாப்பாட்டு நேரம் மட்டும் அவளுக்குச் சொந்தம். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை மவுஸில், திரை நிறையச் சுறாக்கள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. ஆனால் பாதித் துடுப்பு தெரிகிற படத்தைக் காட்டினாலும் இன்ன சுறா என்று சொல்லிவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏதாவது ஒரு படத்தைக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பார்கள். "எல்லாரும் முதல்ல பல்லைப் பார்க்கறீங்க. பல்லைக் கடைசியில பாருங்க," என்பாள். "மூக்கு மழுங்கலா, கூரா? முதுகுத் துடுப்பு எங்க ஆரம்பிக்குது? புலிச்சுறாவுக்கு வயசானா கோடு மங்கிப்போயிடும். கோட்டையே தேடிட்டு இருந்தா ஆளை விட்டுடுவீங்க. மூஞ்சி சதுரமா இருக்கான்னு பாருங்க."

இந்தப் பைத்தியத்துக்குப் பாதிக் காரணம் அவள் தங்கை. தங்கை துறைமுகத்தில் முக்குளிக்கிறவள். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைத் தண்ணீருக்கடியில் சுரண்டி எடுக்கிற வேலை. விடுமுறை நாட்களில் அதே தண்ணீரில் காமிராவோடு இறங்குவாள். விரிகுடாவின் வடக்கு ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே, எப்போதோ கவிழ்ந்த ஓர் இரும்புப் படகு கிடந்தது. அதைச் சுற்றி மணல்சுறாக்கள் கூட்டமாகக் குடியிருந்தன. ஆள் உயரத்தைவிடப் பெரியவை. வாயை மூடினாலும் ஊசி ஊசியாகப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் குலைநடுங்கும். ஆனால் அந்தப் பல்லால் மீனைக் குத்திப் பிடித்து அப்படியே விழுங்கத்தான் முடியும், ஆள் தசையை அறுத்தெடுக்க வராது. தங்கை கை எட்டும் தூரத்தில் மிதப்பாள். அவை சோம்பலாக வழிவிட்டுப் போகும்.

மணல்சுறாவின் விலாவில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது. தங்கை எடுத்து அனுப்புவாள், அக்கா புள்ளிகளை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிப்பாள். ஒன்பது வருஷத்தில் பதினேழு சுறாக்களை இருவரும் பெயர் வைத்து அடையாளம் கண்டிருந்தார்கள். அதில் பெரியவள் ஊசிக்காரி. இடப்பக்க விலாவில் ஐந்து புள்ளிகள், வளைந்த கரண்டி மாதிரி. இரும்புப் படகின் ஏணிக்குப் பக்கத்தில், மேலிருந்து விழும் வெளிச்சத்தில், நேராகக் காமிராவைப் பார்த்து அவள் திரும்புகிற படம் ஒன்று இருந்தது. சுறாக்கா அதைக் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே வைத்திருந்தாள்.

"யாருக்கு வேணா காட்டு," என்று தங்கை சொல்லியிருந்தாள். "பேப்பர்ல மட்டும் வரக்கூடாது. இடம் தெரிஞ்சா தூண்டிலோட வந்துடுவானுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை, கழிமுகத்தில் குளித்துக்கொண்டிருந்த தபால்காரர் ஒருவரைச் சுறா கடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை. கெண்டைக்காலில் முப்பத்தெட்டுத் தையல். மறுநாள் பகல் இரண்டரை மணிக்குச் செய்தி ஆசிரியர் படப்பிரிவுக்குள் தலையை நீட்டினார்.

"சுறாக்கா, ஒரு சுறா வேணும். நாலு மணிக்குள்ள. முதல் பக்கம்."

நிருபர் ஆஸ்பத்திரியில் எடுத்த காயத்தின் படம் ஏற்கெனவே வந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறைநிலா வடிவம். ஓரம் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி சுத்தமாக இருந்தது.

"இது காளைச்சுறா சார், அநேகமா. ரெண்டு நாள் மழை பெஞ்சு ஆத்துத்தண்ணி கலங்கலா வருதுல்ல, அதுல ஏறி உள்ளேயே வரும். அதுக்குத்தான் இந்த மாதிரி ரம்பப் பல்லு. படம் நம்மகிட்ட மூணு இருக்கு." எடுத்துக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். மழுங்கின மூக்கு, சின்னக் கண், தடித்த உடம்பு. "என்னக்கா இது, சாப்பிட்டுட்டுத் தூங்கப்போற மாமா மாதிரி இருக்கு? பார்த்தா பயம் வர வேண்டாமா?" படத்தை மூடச் சொன்னார். மூடியதும் முகப்பில் ஊசிக்காரி தெரிந்தாள்.

"அட! இது யாரு?"

"அது வேற சார். மணல்சுறா. இது மனுஷனைக் கடிக்காது."

"பல்லைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"பல்லை மட்டும் பார்த்தா எதுவும் தெரியாது சார்."

"படிக்கிறவன் பல்லை மட்டும்தான் பார்ப்பான். குடு."

"முடியாது சார். என் தங்கச்சி எடுத்தது. பேப்பருக்கு இல்லைன்னு சொல்லித்தான் கொடுத்தா."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'மாதிரிப் படம்' என்று கீழே போட்டுவிடலாம், இடம் பெயர் எதுவும் வராது, தங்கச்சிக்கும் பெருமைதானே என்றார். சுறாக்கா பத்து நிமிஷம் மறுத்தாள். பிறகு கொடுத்தாள்.

ஏன் கொடுத்தாள் என்பதற்கு அவள் பிற்பாடு நிறையக் காரணம் சொன்னாள். நேரமில்லை, அவர் விடவில்லை, வேலை முக்கியம். எல்லாம் பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணத்தை ஒரே ஒரு தடவைதான் ஒப்புக்கொண்டாள். ஊசிக்காரியை ஆறு பத்தி அகலத்தில் முதல் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்று அவளுக்கே ஆசையாக இருந்தது. ஒன்பது வருஷம் தனியாக ரசித்த அழகை ஊரே பார்க்கட்டுமே என்று ஒரு சபலம்.

மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊசிக்காரி ஆறு பத்தி அகலத்தில் இருந்தாள். ஏணியும் இரும்புப் படகின் உடைந்த பக்கமும் தெளிவாகத் தெரிந்தன. மேலே கொட்டை எழுத்தில்: 'இதுதான் அந்தக் கொலைகாரன்!' செத்தவர் யாருமில்லை, கொலைகாரன் மட்டும் கிடைத்துவிட்டான். கீழே 'மாதிரிப் படம்' இல்லை. 'நமது புகைப்படக்காரர்' என்று இருந்தது. செய்திக்குள் இன்னொன்று: படத்தைப் பார்த்ததும் தபால்காரர் "இதேதான், இதேதான்" என்று அலறினாராம்.

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"மாதிரிப் படம்னு சொன்னீங்களே!"

"இடம் பத்தலைக்கா. தலைப்பு ரெண்டு வரி வந்துடுச்சு."

"பொய் சார் இது. முழுப் பொய். அது ஒரு பொம்பளைச் சுறா, கொலைகாரனும் இல்லை, கொலைகாரியும் இல்லை. நாளைக்கே திருத்தம் போடுங்க."

"யாருக்குத் திருத்தம்? எந்த மனுஷனைப் பத்தித் தப்பா எழுதிட்டோம்?" அவர் சிரித்தார். "மீன் வந்து கேஸ் போடுமா?"

பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷமாக அவளைச் சுறாக்கா என்று செல்லமாகக் கூப்பிட்ட அதே வாய்கள். "சிரிங்க," என்றாள். "நல்லா சிரிங்க. அந்தக் காளைச்சுறா இன்னும் கழிமுகத்துலதான் சுத்துது. நீங்க வேற யாரையோ காட்டி விட்டுட்டீங்க. நாளைக்கு எவன் வீட்டுப் பிள்ளையாவது அங்க இறங்கினா அப்பவும் சிரிங்க."

தங்கை போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏணி தெரியுது," என்று மட்டும் சொன்னாள். "துறைமுகத்துல எல்லாருக்கும் அந்த ஏணி தெரியும். உன்னை நம்பிக் கொடுத்தேன்." வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை தங்கையிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. "படகுத்துறைக்கு வா. வந்து பாரு."

படகுத்துறையில் திருவிழா மாதிரி கூட்டம். ஈரச் சிமென்டுத் தரையில் பதினொரு மணல்சுறாக்கள் வரிசையாகக் கிடந்தன. வாய் பிளந்து, செவுள் வெளுத்து, ஈ மொய்த்து. சிலவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முண்டா பனியன் போட்ட ஒரு படகோட்டி, கையில் முந்தாநாள் பேப்பரைப் பிரித்துப் பிடித்து, ஒரு சுறாவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பார்த்துக்கங்க, அதே பல்லு! ஓடக்கூட இல்லை. இரையைக் காட்டினதும் பசு மாதிரி வந்துச்சு."

சுறாக்கா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுறாவைப் படத்தில் இல்லாமல் நேரில் பார்த்தாள். குனிந்து ஒவ்வொன்றின் விலாவாகப் பார்த்தாள். இது காதறுந்தான். இது சின்னவள். இது போன வருஷம்தான் முதல்முறையாக வந்தது, கடைசியாகப் பெயர் வைத்தது. ஏழாவதாகக் கிடந்ததன் இடப்பக்கம் ஐந்து புள்ளிகள். வெயிலில் காய்ந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் கரண்டி கரண்டிதான். வயிறு உப்பியிருந்தது. யாரோ கத்தியால் கீறிப் பார்த்திருந்தார்கள். உள்ளே முழுசாக வளர்ந்த குட்டிகள் இரண்டு.

அவள் நிமிர்ந்து படகோட்டியின் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள். "இது கடிக்கலைய்யா! இது எதையும் கடிக்கலை! கண்ணு இல்லையா உங்களுக்கு? ரெண்டு வருஷத்துக்கு ரெண்டே குட்டி போடற ஜீவன். பதினொண்ணு! பதினொண்ணு அடிச்சிருக்கீங்களே, கை கூசலையா?"

படகோட்டி திகைத்துப்போனார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "ஏம்மா, நானா சொன்னேன்? பேப்பர்ல போட்டிருக்கான். கொலைகாரன்னு போட்டிருக்கான். தபால்காரரே பார்த்துச் சொன்னாருன்னு போட்டிருக்கான். எங்க பிள்ளைங்க இந்தத் தண்ணியிலதான் குதிக்குது. நான் என்ன மீன் ஆராய்ச்சியா படிச்சிருக்கேன்? படிச்சவன் எழுதினதை நம்பினேன். நீ யாரு?"

தங்கைதான் பின்னாலிருந்து சொன்னாள். "அந்தப் படத்தைப் பேப்பருக்குக் கொடுத்தவ."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தாள். "இவங்களைத் திட்டாதேக்கா. இவங்க தூண்டில்தான் போட்டாங்க. வழி காட்டினது நீ."

அன்று முழுக்கச் சுறாக்கா சாப்பிடவில்லை. அழுகை வரவில்லை. செய்தி ஆசிரியர் மேல், சிரித்த மேஜைகள் மேல், தங்கை மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல் வந்த ஆத்திரம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அது ஒரு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தபால்காரர் காலைத் தலையணை மேல் நீட்டிப்போட்டுப் படுத்திருந்தார். எந்தப் பத்திரிகை என்று சொன்னதும் எழுந்து அடிக்காத குறை. "வெளியே போம்மா! நான் எப்ப அலறினேன்? யாரு எனக்குப் படத்தைக் காட்டினது? தண்ணி சேறு மாதிரி இருந்துச்சு, என் கையே எனக்குத் தெரியலை. சுறாவை நான் பார்க்கவே இல்லை! இங்க நர்சம்மா வரைக்கும் 'அலறினீங்களாமே'ன்னு கேட்டுச் சிரிக்குது. முப்பது வருஷம் ஒரு கடுதாசி முகவரி மாறாம கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என் பேர்ல பொய்யை எழுதி ஊருக்கெல்லாம் பட்டுவாடா பண்ணிட்டீங்களே!"

"அதை அப்படியே எழுதிக் கொடுங்க," என்றாள் சுறாக்கா. "நான் திருத்தம் கேட்டு வந்தவதான்."

அவர் அவளை முறைத்தார். பிறகு பேனா கேட்டார். இரண்டு பக்கம் எழுதினார். தையல் போட்ட டாக்டரும் காயத்தின் அகலம், பல் பதிந்த விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மெல்லிய ஊசிப் பல்லால் இப்படி வெட்டு விழாது என்று கடைசி வரியில் இருந்தது.

இன்னொரு கையெழுத்து பாக்கி. படம் தங்கையுடையது. அனுமதி இல்லாமல், வேறு ஒருவர் எடுத்ததாகப் போட்டதற்கு அவள்தான் நோட்டீஸ் அனுப்ப முடியும். தங்கை வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. சுறாக்கா வாசலில் நின்றபடியே தாளை நீட்டினாள். தங்கை முழுசாகப் படித்தாள்.

"நஷ்ட ஈடு ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்கலை. அதே பக்கம், அதே அளவு, அதே எழுத்து. அது மட்டும்."

"வேலை போயிடும் உனக்கு."

"போகட்டும்."

தங்கை சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் செய்தி ஆசிரியரிடம் போகவில்லை. நேரே முதலாளியம்மா அறைக்குப் போனாள். முதலாளியம்மாவுக்குச் சுறா, சுண்டெலி எதிலும் அக்கறை கிடையாது. ஆனால் வழக்கு, நோட்டீஸ் என்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். மூன்று தாள்களையும் படித்துவிட்டுச் செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"தபால்காரர் அலறினாரா, அலறலையா?"

"அம்மா, அது வந்து, நிருபர் நேர்ல போக நேரமில்லை. சூழ்நிலையை வச்சு..."

"அலறினாரா, அலறலையா?"

"அலறலைம்மா."

"சரி. ஓரமா நாலு வரி வருத்தம் போட்டுடலாமா?" என்று முதலாளியம்மா சுறாக்காவைக் கேட்டார்.

"முடியாதும்மா. அந்தப் பொய் ஆறு பத்தி. உண்மையும் ஆறு பத்தி."

செய்தி ஆசிரியர் வெடித்தார். "ஒரு மீனுக்காக முதல் பக்கமா? ஊரே சிரிக்கும்!"

"மீனுக்காக இல்லை சார்," என்றாள் சுறாக்கா. "கொலைகாரனை அடிச்சாச்சுன்னு நேத்து சாயந்திரம் கழிமுகத்துல இருபது பேர் குளிச்சாங்க. நானே எண்ணினேன். கடிச்சது அங்கேயே இருக்கு. உங்க தலைப்பை நம்பித்தான் இறங்கினாங்க. அதுல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னைக்கு எச்சரிச்சேன், யார்கிட்ட எச்சரிச்சேன்னு தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்."

புதன்கிழமை காலை முதல் பக்கத்தில் ஆறு பத்தி அகலத்தில் படகுத்துறைப் படம் வந்தது. பதினொரு உடல்கள். மேலே, 'நாங்கள் தவறாகக் காட்டிய சுறாக்கள்.' தபால்காரரின் கடிதம் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. கட்டம் கட்டி, கடித்தது காளைச்சுறாவாக இருக்கலாம், மழைத்தண்ணீர் தெளியும் வரை கழிமுகத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை. எழுதியவர் செய்தி ஆசிரியர். எழுத வைத்தவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

மதியத்துக்குள் அவளுக்கும் ஒரு தாள் வந்தது. படப்பிரிவிலிருந்து இரங்கல் விளம்பரப் பிரிவுக்கு மாற்றம். தரைத்தளம், ஜன்னல் இல்லாத மூலை. செத்தவர்களின் படத்துக்கு நேராகச் சரியான பெயரைப் போடுகிற வேலை. செய்தி ஆசிரியர் வழியில் நின்றார்.

"இப்ப திருப்தியா?"

"இல்லை," என்றாள். "பதினொண்ணும் செத்துப்போச்சு சார். எனக்கு எப்படித் திருப்தி வரும்?" அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

தங்கை அந்த வாரக் கடைசியில் இரும்புப் படகுக்கு இறங்கிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். மிச்சமிருந்த ஆறில் நாலுதான் கண்ணில் பட்டதாம். மற்ற இரண்டும் மிரண்டு எங்கோ போயிருக்கலாம் என்றாள். படம் எடுத்தாயா என்று அக்கா கேட்டாள். "எடுத்தேன். அனுப்ப மாட்டேன்," என்றாள் தங்கை. வைக்கும் முன், "இப்போதைக்கு," என்று சேர்த்துக்கொண்டாள்.

இன்னும் பத்து நாள் கழித்து இரங்கல் பிரிவின் போன் அடித்தது. முண்டா பனியன் படகோட்டி. எப்படியோ தேடிப்பிடித்து அவளைக் கேட்டிருந்தார்.

"ஏம்மா, உங்க பேப்பர் முதல்ல எங்களை வீரனாக்குச்சு. இப்ப எங்களைப் பாவியாக்கிடுச்சு. என் பொண்ணு எங்கூடப் பேச மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல அந்தப் படத்தை ஒட்டி வச்சிருக்காங்களாம். நான் கால் வச்சு நிக்கறது அதுல தெரியுது."

"திட்டுங்கண்ணே," என்றாள். அவர் திட்டினார். நிறையத் திட்டினார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு வாங்கி நிறுத்தியபோது அவர் குரல் மாறியிருந்தது.

"சரி, அதை விடு. அந்தக் காளைச்சுறான்னு போட்டிருந்தீங்களே, அது எப்படி இருக்கும்? நல்லா தெளிவா ஒரு படம் இருந்தா கொடேன்."

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

அவர் குரலின் பின்னால் படகு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன், 'கேளு, கேளு, சைஸ் கேளு' என்று அவசரப்படுத்தினான்.

"மூக்கு மழுங்கி இருக்கும். கண்ணு சின்னதா இருக்கும். தண்ணி கலங்கலா இருந்தா பிள்ளைங்களை இறக்காதீங்க. உங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்," என்றாள் சுறாக்கா. "படம் தர மாட்டேன்."

போனை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த இரங்கல் விளம்பரத்தை எடுத்து, படத்தில் இருப்பவரும் பெயரில் இருப்பவரும் ஒருவர்தானா என்று சரிபார்க்க ஆரம்பித்தாள்.